பதினேழு படியும் ஒரு பொல்லாத கண்ணும்

வீட்டுக்குள் படி வைத்தவர் என்று ஒரு ரகம் உண்டு. பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? பார்க்க வைக்காமல் அவர் உங்களை விடமாட்டாரே!

நம் பக்கத்தில் மாடிப்படி என்றால் அது வீட்டுக்கு வெளியேதான். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிக்கொண்டு, மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, அடியில் ஒரு பழைய டூவீலரும் கட்டிப்போன அரை மூட்டை சிமென்ட்டும் வைத்துக்கொண்டு, அது பாட்டுக்கு மேலே போகும். ஏன் வெளியே? மேலே குடி வைக்கலாம், அதற்குத்தான். ஆகவே ஒருவர் படியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிட்டார் என்றால் அவர் ஊருக்கு ஒரு சேதி சொல்கிறார் என்று அர்த்தம். 'எனக்கு மாடி வாடகை வேண்டாம்' என்பதே அந்தச் சேதி. இதை வாயால் சொன்னால் அசிங்கம். படி சொன்னால் கௌரவம்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வெளிப்படியைத் தெருவே பார்க்கும், தபால்காரர் பார்ப்பார், நாய்கூடப் பார்க்கும். உள்படியை யார் பார்ப்பது? இந்த ரகத்தின் நோய் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

செங்கல்பட்டு சுப்பிரமணியை எடுத்துக்கொள்வோம். திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் நெல் போட்ட குடும்பம். இப்போது தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் மூன்று வேன்களுக்கு முதலாளி. அவர் கட்டிய வீட்டின் நட்ட நடு ஹாலிலிருந்து பதினேழு படிகள் கிளம்பி, பாதியில் ஒரு திருப்பம் திரும்பி, மாடிக்குப் போகின்றன. கறுப்புக் கிரானைட். பளபளக்கும் ஸ்டீல் கைப்பிடி. பதினேழு ஏன்? லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்று எண்ணிக்கொண்டே ஏறினால் கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டுமாம். பதினைந்து வைத்தாலும் லாபம்தானே என்று மேஸ்திரி வரதன் கேட்டார். இரண்டு படி கூடுதலாகத் தெரியட்டுமே என்றார் சுப்பிரமணி.

இந்த ரகத்தின் வீட்டுக்கு நீங்கள் போனால் நடப்பது இதுதான். நீங்களாக ஓர் இடம் பார்த்து உட்கார முடியாது. படிக்கு நேர் எதிரே ஒரு சோபா இருக்கும், அங்கேதான் உங்களை அமுக்குவார். தண்ணீர் வரும். காபி வரும். "வூடு சின்னதுதான்" என்று அடக்கமாக ஆரம்பித்து, உங்கள் கண் போகும் வழியையே அவர் கண்ணும் பின்தொடரும். அப்படியும் நீங்கள் படியைப் பற்றி வாய் திறக்கவில்லையா? "கீழ பாத்ரூமு ரிப்பேருங்க, மேல போய்ட்டு வந்துடுங்க" என்பார். கீழே பாத்ரூம் குத்துக்கல்லாட்டம் நன்றாகவே இருக்கும். சுப்பிரமணி வீட்டுக் கீழ் பாத்ரூம் இப்படியே மூன்று வருடமாக ரிப்பேரில் இருந்தது.

அதிலும் மசியாதவர்களுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது ஜோடனை. பொங்கலுக்குக் கைப்பிடி நெடுகக் கரும்பு கட்டினார். ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லார் முகத்திலும் தோகை அறைந்தது. குடியரசு தினத்துக்கு மூவர்ண பலூன். கிருஷ்ண ஜெயந்திக்கு மாவில் குட்டிக் குட்டிப் பாதங்களைப் பதினேழு படிக்கும் போட்டு மேலே ஏற்றினார். "வெண்ணெ கீழ சமையல்கட்டுல கீது. கிருஷ்ணரு மாடியில இன்னா பண்ணப் போறாரு?" என்று கேட்டாள் அவர் மனைவி தமிழ்ச்செல்வி. நவராத்திரிக்குப் பதினேழு படிக் கொலு. பொம்மைகளைத் தாண்டி யாரும் மேலே போக முடியாததால் அந்த ஒன்பது நாளும் சொந்த வீட்டில் அகதியாகக் குடும்பமே ஹாலில் பாய் போட்டுப் படுத்தது. கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு ஜெனிட்டா டீச்சரிடம் நட்சத்திரம் இரவல். இப்படி எல்லா மதமும் அந்தப் படியில் ஏறி இறங்கிவிட்டன.

ஏறாதவர் ஒரே ஒருவர். வெங்கடேசன்.

வெங்கடேசன் யார்? சுப்பிரமணியின் சகலை. தமிழ்ச்செல்வியின் அக்கா சாரதாம்பாளைக் கட்டியவர். திருவிடந்தையில் கடலைப் பார்த்து நாலு அறை கட்டி, அலைச்சறுக்கு விளையாட வரும் வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறவர். அவர் வீட்டுப் படி வெளியேதான் இருக்கிறது. சகலை என்கிற உறவை உங்களுக்கு விளக்க வேண்டுமா? ஒரே மாமனார் தராசில் இரண்டு தட்டு. ஊரே மெச்சினாலும் அந்த ஒரு வாய் மெச்சாவிட்டால் சோறு இறங்காது.

கிரகப்பிரவேசம் முதல் ஒன்பது தடவை வந்துவிட்டார் வெங்கடேசன். ஒரு தடவையாவது படியைப் பற்றி ஒரு வார்த்தை? மூச்சு விடவில்லை. முதல் தடவை வந்தவர் மேலே பார்த்து, "ஃபேன் நல்லா காத்து வருது சகல" என்றார். அந்த ஃபேன் மறுவாரமே மோட்டார் காயில் கருகி நின்றது என்பது வேறு விஷயம். அடுத்த தடவை வாஷ்பேசின் குழாயைப் புகழ்ந்தார். அது சொட்ட ஆரம்பித்து இன்றுவரை சொட்டுகிறது. படிக்கு எதிர் சோபாவில் உட்கார வைத்தால், எழுந்து படிக்கு முதுகு காட்டும் நாற்காலிக்குப் போய்விடுவார். பாத்ரூம் ரிப்பேர் வித்தையும் பலிக்கவில்லை. "பரவால்ல, போற வழியில பாத்துக்கிறேன்" என்று சர்க்கரை வியாதியையும் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மேலே வாங்களேன் என்று நேராகக் கேட்டால் முட்டி வலி. மாதாமாதம் திருக்கழுக்குன்றம் மலையில் ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறி வேதகிரீஸ்வரரைப் பார்த்துவிட்டு வருகிற மனுஷனுக்குப் பதினேழு படிக்கு முட்டி வலி!

"பொறாமடி. வயிறு எரியுது அண்ணாத்தைக்கு" என்பார் சுப்பிரமணி. வாய்தான் அப்படிச் சொல்லும். உள்ளுக்குள் அவருக்கு அழுகையே வரும். வீடு கட்டி என்ன பயன், வேன் வாங்கி என்ன பயன், சகலை வாயால் ஒரு 'நல்லா கீது' கேட்காத வாழ்க்கை என்ன வாழ்க்கை?

இப்படி இருக்கும்போதுதான் அக்டோபர் கடைசியில் ஒரு நாள், வேலைக்கு வராத டிரைவருக்குப் பதிலாகத் தானே வேனை ஓட்டிக்கொண்டு ஒரு கம்பெனிக்குப் போனார். அங்கே வரவேற்புக் கூடத்தில் ஒரு படி. படியெல்லாம் ஒட்டடை, எலும்புக்கூடு, கறுப்பு வௌவால், கண்ணும் பல்லும் வெட்டிய ஆரஞ்சுப் பூசணிக்காய். அதிலா சுப்பிரமணியின் கண் போனது? இல்லை. மேலே எந்த வேலையும் இல்லாத ஜனங்கள், ஆணும் பெண்ணுமாக, அந்தப் படியில் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள்! ஏறி, நின்று, போட்டோ எடுத்து, இறங்கி, மறுபடி ஏறினார்கள்.

"இன்னா விசேஷம்பா?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"ஹாலோவீனு சார். அமெரிக்காவுல பேய்க்கு நோம்பி."

சுப்பிரமணிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பேய்க்குப் பண்டிகை உண்டு என்று இத்தனை நாள் யாரும் தன்னிடம் சொல்லவில்லையே! வெள்ளிக்கிழமை முப்பத்தொன்றாம் தேதிதான் அந்தப் பண்டிகையாம். அன்றைக்குத்தான் சகலையும் சாரதாம்பாளும் மலைக்கோயில் போய்விட்டு இங்கே வருவதாக இருந்தார்கள். கடவுளே பார்த்துப் போட்ட முடிச்சு என்று அவர் நம்பினார்.

முதலில் ஒட்டடை வந்தது. வெள்ளை நூலாக, பாக்கெட்டில். தீபாவளிக்குத் தமிழ்ச்செல்வி நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறி வீடு முழுக்க ஒட்டடை அடித்து, தோள்பட்டை வலிக்கு இன்னும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாக்கெட்டைப் பிரித்து, நூலை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, நானு பத்து நாளு முன்னாடி முறம் முறமா அள்ளிக் கொட்டினேனே. அப்பவே சொல்லியிருந்தா எடுத்து வெச்சிருப்பேன் இல்ல? டப்பு குடுத்து ஒட்டடை வாங்கிகினு வந்த மொத ஆம்பள நீங்கதான்" என்றாள்.

அடுத்தது பூசணிக்காய். செங்கல்பட்டு மார்க்கெட்டில் ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாகக் கேட்டால் எங்கே கிடைக்கும்? பரங்கிக்காய் இருந்தது, சப்பையாக, பச்சையும் பழுப்புமாக, பத்தை போட்டு. ஆனால் ஆயுத பூஜைக்கு வந்து விற்காமல் தேங்கிய வெள்ளைப் பூசணிக்காய்கள் மூலையில் குவிந்து கிடந்தன. உருண்டை என்றால் சுத்தமான உருண்டை. படிக்கு ஒன்றாகப் பதினேழை அள்ளி வேனில் போட்டுக்கொண்டு வந்தார். முகம் எழுத யார்? புது வீடுகளுக்குத் திருஷ்டிப் பூசணி எழுதித் தொங்கவிடும் சடையப்பனைவிடத் தகுந்த ஆள் இந்தத் தாலுகாவில் உண்டா?

"மொதல்ல பூரா ஆரஞ்சு பெயின்ட் அடி. அப்புறம் பேய் மொகம். சிரிக்கிற மாதிரி இருக்கணும்" என்றார் சுப்பிரமணி.

"பேயி சிரிச்சா திருஷ்டி எப்டிண்ணா போவும்?"

"இது திருஷ்டி இல்லப்பா. அலங்காரம்."

"எனக்குத் தெரிஞ்சது ஒரே மொகம்தாண்ணா. எங்கப்பன் எழுதனதும் அதான்" என்றார் சடையப்பன், பிரஷ்ஷை நனைத்துக்கொண்டே.

எழுதினார். முறுக்கு மீசை, பிதுங்கும் முழி, இரண்டு கோரைப்பல், தொப்புள் வரைக்கும் தொங்கும் நாக்கு, நெற்றியில் பட்டை நாமம். தொப்புள் இல்லாத குறை ஒன்றுதான். சுப்பிரமணி வேன் வேலையாக வெளியே போன சமயத்தில், ஒவ்வொரு காயின் தலையிலும் ஒரு துண்டு வெட்டி, தமிழ்ச்செல்வியிடம் குங்குமம் கேட்டு வாங்கி, கை நிறையப் போட்டுத் தண்ணீரும் விட்டு, துண்டைத் திரும்ப மூடி வைத்தார். யாரும் சொல்லவில்லை. உள்ளே குங்குமம் இல்லாமல் பூசணிக்காயைக் கொடுத்துப் பழக்கமில்லை அவருக்கு. சாமி காரியம் என்று நினைத்து அவளும் பாக்கெட் பாக்கெட்டாகக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஜோடனை முடிந்தது. படிக்கு ஒரு காய். உருண்டு தொலைக்கக் கூடாதே என்று அந்த ஒட்டடை நூலாலேயே மேலிருந்து கீழ்வரை பதினேழு காயையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினார். கைப்பிடியில் சீரியல் லைட். எட்டிப் பார்த்த ஜெனிட்டா டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எங்களுக்கே செத்தவங்க திருநாளு ரெண்டாந்தேதிதாங்க. கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியும் இப்பதான் வாங்கிகினு வர்றேன். நீங்க இன்னா, வூட்டுக்குள்ளயே ஆரம்பிச்சிட்டீங்க?"

"ஏறிப் பாருங்க டீச்சர்."

"வோணாங்க" என்று டீச்சர் போய்விட்டார்.

நாலு மணிக்கு வந்தார்கள். நெற்றியில் விபூதி, கையில் பிரசாதம். சாரதாம்பாள் உள்ளே வந்து "அடி யம்மா" என்று தொப்பென்று சோபாவில் உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்த வெங்கடேசன் ஒரு காலை நிலைக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி நின்றார். முதல் தடவையாக, கண் எடுக்காமல், கீழ்ப்படி தொடங்கி மேல்படி வரை, படியைப் பார்த்தார். சுப்பிரமணி ஓரடி முன்னால் வந்தார். வரப்போகிறது, இதோ வரப்போகிறது!

"இது எனக்குத்தானே?" என்றார் வெங்கடேசன்.

"உனக்கேதான் அண்ணாத்த! உனுக்கோசரம்தான் வெச்சேன்!"

வெங்கடேசனின் முகம் சுருங்கிப்போயிற்று. உள்ளே வைத்த காலையும் வெளியே எடுத்தார். "சாரதா, எழுந்துரு. போலாம்."

"இன்னா அண்ணாத்த, இன்னாச்சு?"

"இன்னாச்சா? ஊருல வூடு கட்றவன் ஒரு திருஷ்டிக் காயி மாட்டுவான். நீ என் ஒருத்தன் கண்ணுக்குப் பதினேழு வெச்சிக்கிற. நான் வர்ற நாளாப் பாத்து வெச்சிக்கிற. உனுக்கோசரம்தான்னு மொகத்துக்கு நேரா வேற சொல்ற!"

"ஐயோ, அது ஹாலோவீனு அண்ணாத்த! அமெரிக்காப் பேயி!"

"மூக்கு முழியப் பாரு. நாமத்தப் பாரு. அமெரிக்காவுலயா நாமம் போடறான்? சடையப்பன் கை எனுக்குத் தெரியாதா?"

சுப்பிரமணி படியைத் திரும்பிப் பார்த்தார். பதினேழு நாக்கும் வெங்கடேசனைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்று வருடமாக எந்த மனுஷனை ஏற்றுவதற்காகப் படியைச் சிங்காரித்தாரோ அந்த மனுஷன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். சகலை ஒரு தடவை படியேறிவிட்டால் இனி செத்தாலும் பரவாயில்லை என்று அடிக்கடி சொல்வாரே, இப்போது படி போகட்டும், சகலையே போய்விடுவார் போலிருந்தது.

"நீ மட்டும் இன்னாவாம்! ஒம்பது தபா வந்த. ஒரு தபா, ஒரே ஒரு தபா, படி நல்லா கீதுன்னு சொன்னியா? என் மேல அவ்ளோ வவுத்தெரிச்சலா?" என்று சின்னப் பிள்ளைபோலக் கத்திவிட்டார்.

வெங்கடேசன் செருப்பு மாட்டுவதை நிறுத்தினார்.

"சகல, மொத நாளு உன் ஃபேன நல்லா கீதுன்னேன். இன்னாச்சு?"

"காயிலு போச்சு."

"கொயாய நல்லா கீதுன்னேன்."

"சொட்டுது."

"கடப்பாக்கத்துல என் தம்பி போர் போட்டான். தண்ணி எளனியாட்டம் கீதுடான்னேன். மறு மாசம் உப்புத் தண்ணி. என் கண்ணு பொல்லாத கண்ணு சகல, வாயி அதுக்கு மேல. இந்தப் படிய மொத நாளு பாத்தேன் பாரு, எனுக்குச் சொக்கிப் போச்சு. என்னா கிரானைட்டு, என்னா திருப்பம்! எங்க வாயத் தொறந்துடுவேனோன்னு பயந்துதான் திரும்பி உக்காந்தேன். வந்தவன் ஒண்ணும் சொல்லாம போனா நல்லா இருக்காதுன்னு ஃபேனுக்கும் கொயாய்க்கும் சொன்னேன். மேல ஏறினா பாத்துடுவேன்னு, சுகர வெச்சிகினு, திருவிடந்த வரைக்கும் அடக்கிகினு போனேன்யா!"

சாரதாம்பாள், "ஆமா, கோவளம் ரோடு பூரா வண்டிய வெரட்டிகினு வந்தாரு" என்று சாட்சி சொன்னாள்.

சுப்பிரமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போய் அண்ணாத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பாசத்தைப் புரிந்துகொண்டு, காபி கொடுத்து, படியைப் பற்றிப் பேசாமல் அனுப்பியிருப்பீர்கள். ஆனால் நான் சொல்வது வீட்டுக்குள் படி வைத்தவரைப் பற்றி.

"வெடிச்சாலும் பரவால்ல. சொல்லு அண்ணாத்த."

"வோணாம் சகல."

"இடிஞ்சாலும் பரவால்ல. ஏறிச் சொல்லு."

வெங்கடேசன் ஏறினார். லாபம், நஷ்டம், லாபம் என்று முணுமுணுத்துக்கொண்டு, பூசணிக்காய்களுக்குப் பக்கவாட்டில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, ஒவ்வொரு படியாக. கீழே சுப்பிரமணி கைகூப்பி நின்றார். திருப்பத்தில் நின்று கைப்பிடியைத் தடவிப் பார்த்தார் வெங்கடேசன். பதினேழாவது படியைத் தாண்டி மேலே போய் நின்று, திரும்பி, மூன்று வருடமாக அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து, இரண்டு கையையும் விரித்து வாயைத் திறந்தார்.

"என்னா படி சகல! செங்கல்பட்டு ஜில்லாவுலயே இப்படி ஒரு படி கெடையாது! அவ்ளோ நல்லா கீது!"

விரித்த கையின் வாட்சில் ஒட்டடை மாட்டியிருந்தது.

மேல் காய் ஆடியது. விழுந்தது. விழாமலிருக்க எல்லாவற்றையும் ஒரே நூலில் கட்டியிருந்தாரே, அந்த மரியாதைக்கு அடுத்த காயும் கூடக் கிளம்பியது, அதற்கடுத்ததும், அதற்கடுத்ததும். திருப்பத்தில் ஒன்றை ஒன்று முந்தி, நாக்கும் மீசையுமாகத் தடதடவென்று பதினேழும் இறங்கின. இறங்க இறங்க உடைந்தன, உடைய உடையச் சடையப்பனின் தொழில் நேர்மை வெளியே வந்தது. படியில் சிவப்பு, சுவரில் சிவப்பு, கைகூப்பி நின்ற சுப்பிரமணி மேல் தலை முதல் கால் வரை சிவப்பு. சாரதாம்பாள் இரண்டு காலையும் சோபாவில் தூக்கி வைத்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். கடைசிக் காய் ஒன்று மட்டும் உடையாமல் ஹாலைக் கடந்து, வாசலைத் தாண்டி, தெருச் சரிவில் உருண்டுபோய், சரியாக முச்சந்தியில் முறைப்படி உடைந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்த ஜெனிட்டா டீச்சர், சிவக்கச் சிவக்க நின்றுகொண்டு கெக்கெக்கே என்று சிரிக்கும் உருவத்தைப் பார்த்து "யேசப்பா!" என்று அலறினார். அன்றைக்கு அந்த வீட்டில் ஹாலோவீன் நடந்தது என்றால் அந்த அரை நிமிஷம்தான்.

"நல்லா கீதுன்னு சொல்ட்டாரு டீச்சர்! அண்ணாத்த சொல்ட்டாரு!" என்றது அந்த உருவம்.

படியெல்லாம் பூசணிச் சதையாக வழுக்கியதால் வெங்கடேசன் ஒரு மணி நேரம் கீழே இறங்க முடியவில்லை. மேலேயே இருந்தார். இரண்டு அறையையும் பார்த்தார், பால்கனியைப் பார்த்தார், மேல் பாத்ரூமுக்குப் போனார். சுப்பிரமணிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? தமிழ்ச்செல்வி வாளியும் துடைப்பமுமாகக் கழுவிக்கொண்டே வந்தபோதுதான் தெரிந்தது. கீழிருந்து ஐந்தாவது படியில், கறுப்புக் கிரானைட்டின் விளிம்பில், ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

"நான்தான் சொன்னேனே" என்று மேலிருந்து வருத்தமாகச் சொன்னார் வெங்கடேசன். "என் கண்ணு."

சுப்பிரமணி குனிந்து அந்த விரிசலைத் துண்டால் துடைத்தார். விரலால் தடவினார். கோபம் வரும் என்று எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை.

கல்லை மாற்ற வந்த வரதன் மேஸ்திரியை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது அந்த வீட்டில் ஜோடனை கிடையாது. கீழ் பாத்ரூமும் ரிப்பேர் நீங்கிவிட்டது. யார் வந்தாலும் ஐந்தாவது படிக்கு அழைத்துப்போய், டார்ச் அடித்து, "இது எங்க சகல கண்ணு பட்ட எடம். சும்மாப் படுமா? அப்பேர்ப்பட்ட படி" என்று காட்டுகிறார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்த விரிசலுக்கு மஞ்சள், குங்குமம்.

சிரிக்கிறீர்கள். நான் அந்த ரகம் இல்லை, என் வீட்டில் படியே கிடையாது என்கிறீர்கள். சரி. படியாகத்தான் இருக்க வேண்டுமா? போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்தவர் எதைப் பார்க்காமல் போனார் என்று இன்னும் நினைவிருக்கிறதே, அது என்ன? இதைப் படிக்கும்போதே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டீர்களே, அது? திரையா, அலமாரியா, சுவரில் மாட்டிய கேடயமா?

கூச்சப்படாதீர்கள். கூப்பிடுங்கள், வருகிறேன். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, பார்க்கச் சொன்னதைப் பார்த்து, வாயாரச் சொல்லிவிட்டும் போகிறேன். ஆனால் எனக்கும் கொஞ்சம் அந்த வெங்கடேசன் கண்தான். அப்புறம் விரிசல் விட்டால் என்னைக் கேட்கக் கூடாது.